அப்படியென்றால் ஏன் படிக்கவேண்டும்?

"இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை, எந்நேரமும் கைத்தொலைபேசியே கதி" என்று முறையிடாத பெற்றோரைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. கோயில் வீதியிலும், கலியாண வீட்டுப் பந்தலிலும், பேருந்துத் தரிப்பிடத்திலும் இருவர் கூடினால், மூன்றாவதாக இப்பேச்சும் வந்து கூடிக்கொள்கின்றது. நாமும் அம்முறைப்பாட்டைப் பலகாலம் பாடியவர்களே. குற்றம் முழுவதையும் அச்சிறு கருவியின் தலையிற் சுமத்திவிட்டு நிம்மதியாக உறங்கியவர்களே. அவ்வுறக்கத்தை எமது மகன் ஒருநாள் ஒரேயொரு கேள்வியாற் கலைத்தான். அக்கேள்வியையும், அது எம்மை இட்டுச் சென்ற இடத்தையும் இங்கே சொல்ல விழைகின்றோம். எம்மைப் போன்ற பெற்றோருக்கும், அவன் வயதொத்த மாணவருக்கும் அது பயன்படக்கூடும்.

விருந்தாளி வீட்டுக்காரனானான்

2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றுக் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வேளை எமது மகன் ஏழாந் தரத்து மாணவன். அதுவரை பிள்ளைகள் கையிற் கைத்தொலைபேசியைக் கொடுக்கும் வழக்கம் எமது வீட்டில் இருந்ததில்லை. ஆசிரியர்கள் வட்ஸ்அப் வழியே பாடக் குறிப்புகளை அனுப்பத் தொடங்கியதும், தாயாரின் தொலைபேசி மகனின் மேசைக்கு இடம் மாறிற்று. சூம் வகுப்பு என்றொரு புதுச் சொல்லும் வீட்டிற்குள் நுழைந்தது.

அதனை நாம் குறைகூற ஒண்ணாது. 2021ஆம் ஆண்டில் ஊவா மலைக் கிராமங்களின் பிள்ளைகள், அலைத்தொடர்பு கிடைக்கும் இடத்தைத் தேடிக் காட்டு வழியே நடந்து, மலைப்பாறையின் உச்சியில் அமர்ந்து பாடங் கற்ற செய்தியைப் படித்து நாம் கண்கலங்கியதுண்டு. அப்பிள்ளைகளுக்கு அக்கருவியே பாடசாலை, அதுவே கரும்பலகை. கற்க வேண்டுமென்ற வேட்கை மட்டும் உள்ளத்தில் இருக்குமாயின், உள்ளங்கை அகலமுள்ள கண்ணாடியும் பெரிய வாயிலாகத் திறந்துகொள்ளும் என்பதற்கு அவர்களே சான்று.

பாடசாலைகள் மீண்டும் திறந்தன. ஆயின் தொலைபேசி தாயாரின் கைக்குத் திரும்பவில்லை. "வீட்டுவேலை எல்லாம் வகுப்புக் குறூப்பிலைதான் போடுவினம் அம்மா" என்பான். அதுவும் உண்மையே. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரையும் மின்வெட்டு நிலவிய நாட்களிலே, விளக்கில்லாத வீட்டினுள் அவன் முகத்தின்மேல் மட்டும் ஒரு நீல ஒளி நிழலாடியதை நாம் பலமுறை கண்டோம். விருந்தாளியாக வந்தது வீட்டுக்காரனாகி விட்டது.

அதற்கு முன் அவன் எப்படியிருந்தான் என்பதையும் சொல்லுதல் வேண்டும். கேத்திர கணிதத்தில் அவனுக்கு ஒரு தனி மோகம். ஒரு நிறுவலைத் தானே கண்டுபிடித்துவிட்டால், கொப்பியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடுவான். தோசைக்கல்லின் முன் நிற்குந் தாயாருக்கு அது விளங்கினாலென்ன, விளங்காவிட்டாலென்ன, முழுவதையுஞ் சொல்லி முடித்தாலன்றி அவன் அப்பாற் செல்வதில்லை. ஒன்பதாந் தரத்துக்கு வந்தபோது அவ்வோட்டம் நின்றுவிட்டது. கால்மணி நேரம் ஒரு புத்தகத்தின் முன் இருப்பதும் அவனுக்குத் தண்டனையாயிற்று. ஒரு நிமிடமும் நீடியாத காணொளிகள் ஒன்றன்பின் ஒன்றாய் அவன் விரலடியில் ஓடிக்கொண்டிருந்தன.

புறாவும் விரலும்

இது பிள்ளையின் பலவீனம் மட்டுமன்று; அப்பொறியின் அமைப்பே அத்தகையது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரும் அவரது சகபாடி பேர்ஸ்ரரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு நூலொன்றிலே, கூண்டிலுள்ள புறாக்கள் தட்டைக் கொத்தித் தீன் பெறும் பரிசோதனைகளை விரிவாக விளக்கியுள்ளனர். எப்போது தீன் கிடைக்கும் என்பது நிச்சயமற்றிருக்கும்போது புறா ஓயாது கொத்துகின்றது. தீனை நிறுத்திய பின்னரும் நெடுநேரம் கொத்துகின்றது. சூதாட்டப் பொறியின் முன் அமர்ந்தவன் எழாதிருப்பதும் இக்காரணம் பற்றியே. அடுத்த காணொளி சுவைக்குமோ சுவைக்காதோ என்று தெரியாமையே விரலைத் தள்ளிக்கொண்டிருக்கச் செய்கின்றது.

பழைய புத்தகத்திற்கு ஒரு கடைசிப் பக்கம் இருந்தது. வானொலி நாடகத்திற்கு ஒரு முடிவு இருந்தது. திரையிலோ அந்த முடிவையே எடுத்துவிட்டார்கள். கீழே தள்ளத் தள்ளப் புதிது புதிதாக வந்துகொண்டேயிருக்கும் அமைப்பை 2006ஆம் ஆண்டில் உருவாக்கிய ஏசா ரஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், அதன் விளைவைக் கண்டு பிற்காலத்தில் தாமே வருந்திப் பேசினார். தேர்ந்த நிபுணர்கள் கூடி அமைத்த பொறியோடு பதினைந்து வயதுப் பிள்ளை தனித்துநின்று பொருதுகின்றான் என்பதை உணர்ந்தபின், "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று ஏசுவதற்கு எமக்கு நா எழவில்லை.

அதனினும் நுட்பமான தீங்கு ஒன்று உண்டு. பொறி தரும் கூலி உடனடிக் கூலி. கல்வி தருவதோ தாமதித்து வருவது. ஒரு தேற்றத்தோடு மூன்று நாட்கள் மல்லாடித் தோற்று, நாலாம் நாள் அது திடீரென விளங்கும்போது பிறக்கும் இன்பத்துக்கு ஈடில்லை. ஆனால் அவ்வின்பத்தைச் சுவைக்கவேண்டுமாயின் அந்த மூன்று நாட்களையும் பொறுத்திருத்தல் வேண்டும். நொடிக்கொரு கூலி பெற்றுப் பழகிய மனம் அம்மூன்று நாட்களைத் தாங்குவதில்லை.

நாம் கட்டிய பந்தயம்

இவ்வளவும் பின்னர் நாம் அறிந்தவை. அன்று நாம் செய்ததோ வேறு. 2024ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் நாளன்று, பொங்கிப் படைத்த கையோடு மகனை அழைத்தோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ சித்தி எடுத்தால் அவன் விரும்பிய புதுக் கைத்தொலைபேசியை வாங்கித் தருவதாக வாக்களித்தோம். எந்தக் கருவியைப் பழித்தோமோ அதையே பரிசாக வைத்தோம். அதிலுள்ள முரண்பாடு அன்று எமக்குத் தோன்றவில்லை. பந்தயம் நன்றாய் வேலை செய்வதாகவே தோன்றிற்று. மகன் கேள்விப் பயிற்சிச் செயலி ஒன்றைத் தானே தேடி எடுத்து, நாள்தோறும் அதில் விடையளிக்கத் தொடங்கினான். சரியான விடைக்குப் பொற்காசு, பத்துக்கு ஒரு நட்சத்திரம், விடாமற் செய்த நாட்களுக்கு ஒரு தொடர்கணக்கு. முப்பது நாள் ஆயிற்று, அறுபது ஆயிற்று. "பார்த்தீர்களா, அதே தொலைபேசியைக் கொண்டே படிக்க வைத்துவிட்டோம்" என்று நண்பர்களிடம் நாம் பெருமை பேசினோம்.

ஒன்றை மட்டும் கவனியாது விட்டோம். முன்னர் "ஏன்?" என்று கேட்ட பிள்ளை, இப்போது "இது சோதினைக்கு வருமோ?" என்று மட்டுமே கேட்டான்.

அவ்வாண்டு வைகாசியில், பிள்ளைகளுக்கு மாமா முறையான உறவினர் ஒருவர் வன்னியிற் காலமானார். சிறு வயதில் எமது மகனைத் தோளிற் சுமந்து திருவிழாக் காட்டியவர் அவர். குடும்பத்தோடு சென்றோம். அவ்வூரில் அலைத்தொடர்பு சரியாகக் கிடைப்பதில்லை. இரவு பத்து மணியளவில் மகனைக் காணவில்லை. தேடிச் சென்றபோது, வீதியோரத்து மதகின் கட்டின்மேல் ஏறிநின்று தொலைபேசியை வானத்தை நோக்கி உயர்த்திப் பிடித்தபடி நின்றான். செத்தவீட்டிலிருந்து பெண்களின் அழுகுரல் காற்றில் வந்துகொண்டிருந்தது. "பன்ரண்டு மணிக்கு முந்திச் செய்யாட்டி எல்லாம் போயிடும் அப்பா" என்றான். அவன் கண்களிலும் நீர் நிறைந்திருந்தது. அந்நீர் மாமாவுக்கானதன்று.

ஊவா மலைப் பிள்ளைகள் எம் நினைவுக்கு வந்தனர். அவர்கள் பாடத்தைத் தேடிப் பாறை ஏறினார்கள்; எமது பிள்ளை ஓர் எண்ணைக் காப்பாற்ற மதகு ஏறியிருந்தான். இருவர் கையிலும் இருந்தது ஒரே கருவிதான்.

தொடர்பு கிடைக்கவில்லை. மறுநாட் காலை 97 என்றிருந்த கணக்கு 0 ஆயிற்று. வீடு திரும்பியபின் அவன் அச்செயலியைத் திறக்கவேயில்லை. செய்த கேள்விகள் மறந்தா போய்விட்டன என்று கேட்டோம். "இனி என்ன பிரயோசனம்? எல்லாம் பூச்சியமாப் போச்சு" என்றான். பின்னொருநாள் அதனை நாமே திறந்து பார்த்தோம். கடைசி நாற்பது நாட்களும் அவன் விடையளித்தவை மிக இலேசான கேள்விகளே. அவற்றுட் பல முன்னரே செய்தவை. அவன் படித்துக்கொண்டிருக்கவில்லை. கணக்குக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தான்.

அக்கேள்வி

அக்காலத்தில் நாம் வாசிக்க நேர்ந்த ஆய்வொன்று எமது நெஞ்சைச் சுட்டது. 1973ஆம் ஆண்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெற் என்னும் மூவர் வெளியிட்டது அது. வண்ணப் பேனாவாற் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய பாலர் பாடசாலைப் பிள்ளைகளை மூன்று கூட்டமாக்கினர். ஒரு கூட்டத்தாருக்கு, வரைந்தால் அழகிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். மற்றொரு கூட்டத்தாருக்கு முன்பு எதுவுஞ் சொல்லாது, வரைந்த பின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாங் கூட்டத்தாருக்கு ஒன்றுமில்லை. சில நாட் கழித்து வண்ணப் பேனாக்களை மீண்டும் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றையோர் வரைந்த நேரத்தின் ஏறத்தாழ அரைப்பங்கே வரைந்தனர். விளையாட்டாக இருந்தது வேலையாகி விட்டது. கூலி இல்லையேல் வேலையும் இல்லை. எதிர்பாராது பரிசு பெற்றோரின் விருப்பமோ குன்றவில்லை.

அவர்கள் பாலர், எமது மகனோ பதின்ம வயதினன். எனினும் குசினிக்குக் கொப்பியோடு ஓடிய அக்கால்களை முடக்கியதில் எமக்கும் பங்குண்டு என்பது அன்று தெளிவாயிற்று. பொறி நொடிக்கொரு சிறு கூலி கொடுத்தது. நாம் ஆண்டு முடிவில் ஒரு பெருங் கூலி காட்டினோம். இரண்டுக்கும் வேறுபாடு அளவில்தான்.

ஓர் இரவு மகனை அருகிருத்தி, பந்தயத்தைக் கட்டியது பிழை என்றும், பெறுபேறு எவ்வாறாயினும் வாக்களித்த தொலைபேசியை வாங்கித் தருவோம் என்றுங் கூறினோம். அவன் துள்ளிக் குதிப்பான் என்று எண்ணினோம். அவனோ சற்றுநேரம் நிலத்தைப் பார்த்திருந்துவிட்டு, "அப்பிடியெண்டால் நான் ஏன் அப்பா படிக்கவேணும்?" என்றான்.

அக்குரலிற் கேலியில்லை, எதிர்ப்புமில்லை. உண்மையாகவே தெரியாமற் கேட்டான். உத்தியோகம், பல்கலைக்கழகம், ஊரில் மதிப்பு என்று நாவின் நுனிவரை வந்த விடைகள் எல்லாவற்றையும் விழுங்கினோம். அவையுங் கூலிகளே அல்லவா? அன்றிரவு அவனுக்கு விடை கூற எம்மால் இயலவில்லை.

சைக்கிள் சில்லுச் சுழன்ற காலம்

உறக்கம் வராத அவ்விரவில் எமது பதினைந்தாம் வயது நினைவுக்கு வந்தது. அது 1993ஆம் ஆண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்று மூன்று ஆண்டுகளாகிவிட்டன. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலிற் சிறிது எண்ணெய் விட்டு எரித்த சிறு விளக்கின் கீழ் நால்வர் சேர்ந்து படித்தோம். வானொலி கேட்கவேண்டுமாயின் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வயரை வானொலிக்கு இழுப்போம். லண்டன் பீபீசியின் தமிழோசை அப்படித்தான் எமது முற்றத்துக்கு வந்தது. கை தளர்ந்தாற் குரலுந் தேயும். "சுத்தடா, சுத்தடா" என்று கூடியிருப்போர் கூவுவர். முறைவைத்துச் சுழற்றினோம்.

அந்நாட்களை நாம் புகழவில்லை. அவை அச்சமும் இழப்பும் நிறைந்த நாட்கள். அவை மீண்டும் வருதல் வேண்டாம். ஆனால் எவருங் கூலி தராமலே நாம் ஏன் சுழற்றினோம்? அறியவேண்டுமென்ற ஆவல் எமதாயிருந்தது. எமது கையாலேயே குரல் எழுந்ததென்ற பெருமிதம் இருந்தது. கூட இருந்து கேட்பதற்கு நால்வர் இருந்தனர்.

மனிதரின் உள்ளூக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்த டெசி, ரையன் என்னும் இரு உளவியலாளரும் இம்மூன்றையே வேறு பெயர்களாற் சுட்டுகின்றனர். தன் விருப்பினாற் செய்கின்றேன் என்னும் உணர்வு, என்னால் இயலும் என்னும் உணர்வு, என்னோடு பிறர் இருக்கின்றனர் என்னும் உணர்வு ஆகிய மூன்றுமே அவை. இவை வற்றிய உள்ளம் பொற்காசுகளையும் நட்சத்திரங்களையும் நாடிச் செல்வதில் வியப்பென்ன? எமது மகனுக்கு அறையும் மேசையும் ரியூசன் வகுப்பும் கொடுத்த நாம், அவனோடு இருந்து கேட்பதற்கு ஒருவரையுங் கொடுக்கவில்லை. அவன் கொப்பியோடு வந்த கடைசி நாட்களில் எமது கையிலும் ஒரு தொலைபேசி இருந்ததை இப்போது வெட்கத்தோடு நினைக்கின்றோம்.

நிலாவரையும் ஒரு கண்ணாடிக் குவளையும்

பெரிய சட்டங்கள் எவற்றையும் நாம் இடவில்லை. மாலை ஏழு மணி முதல் ஒன்பது வரை வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும், எம்முடையது உட்பட, அலுமாரிக்குள் இருக்கும் என்று ஏற்பாடு செய்தோம். முதற் கிழமை அவனைவிட நாமே அதிகந் தவித்தோம். அந்நேரத்தில் விறாந்தையில் எல்லோருங் கூடியிருந்தோம். மறந்துபோன கேத்திர கணிதத்தை எமக்குக் கற்பிக்கும்படி மகனைக் கேட்டோம். ஆசிரியனானதும் அவன் குரலே மாறிற்று. ஓரிடத்தில் நாம் கேட்ட ஐயத்துக்கு விடை தெரியாது திகைத்தான். மறுநாள் தானே கண்டுபிடித்து வந்தான்.

அவ்வாண்டு ஓகஸ்ட் விடுமுறையிற் புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றைப் பார்க்கச் சென்றோம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று சொல்லக் கேட்டதும், "இரண்டும் ஏன் கலக்கேல்லை?" என்றான். நெடுநாட் கழித்து அவன் வாயில் "ஏன்" பிறந்தது. "தெரியவில்லை, தேடிச் சொல்" என்றோம். தொலைபேசியை எடுத்தான். அன்று அது அவனை இழுத்துச் செல்லவில்லை. அவனே அதனை வேலை வாங்கினான். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத எமது குடாநாட்டிலே, சுண்ணக்கல்லினூடே ஊறிய மழைநீர் அடர்த்தி குறைந்ததாதலாற் கடல்நீரின்மேல் ஒரு படையாக மிதக்கின்றதென்றும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறுமென்றும் அறிந்து சொன்னான்.

அதனோடு விடவில்லை. கண்ணாடிக் குவளையொன்றில் உப்பைக் கரைத்து வைத்து, பீற்றூட் சாறு கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகின்மேல் மெல்ல மெல்ல வார்த்தான். மூன்று முறை கலங்கிப்போயிற்று. நான்காம் முறை சிவப்பு மேலும் தெளிவு கீழுமாக இரு படைகள் பிரிந்து நின்றன. தங்கை கைகொட்டினாள். அப்பாச்சியோ, "இதுக்கே பின்னேரம் முழுக்க உப்பைக் கரைச்சனி?" என்று கேட்டுச் சிரித்தார். குவளையைத் தூக்கிக்கொண்டு அவன் குசினிக்கு ஓடினான்.

அவ்வோட்டத்தைக் கண்டபோது எமது மனம் நிறைந்ததைச் சொல்ல வார்த்தையில்லை.

2025 மார்ச்சிற் பரீட்சை எழுதினான். ஜூலையிற் பெறுபேறு வந்தது. ஆறு ஏ, மூன்று பி. பந்தயக் கணக்கின்படி அவன் தோற்றவன். வாக்களித்தவாறு தொலைபேசியை வாங்கிக் கொடுத்தோம். அவன் முற்றாகத் திருந்தினான் என்று கதை முடிப்பது பொய்யாகும். சில இரவுகளில் இன்னமும் அந்நீல ஒளி கதவிடுக்கால் தெரிகின்றது. அப்போதெல்லாம் கதவைத் தட்டி ஏசுவதை விடுத்து, மறுநாள் மாலை விறாந்தையிற் கேட்பதற்கு ஏதேனும் ஒரு கேள்வியை நாமும் தேடத் தொடங்குகின்றோம்.

"ஏன் படிக்கவேண்டும்?" என்ற அவன் கேள்விக்கு வார்த்தையால் இன்றுவரை நாம் விடை கூறவில்லை. ஆயினும் அவன் இப்போது அதனைக் கேட்பதில்லை. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தொலைபேசியோடு எத்தனை மணிநேரம் இருக்கின்றான் என்று எண்ணுமுன், அவன் கடைசியாக உங்களிடம் "ஏன்" என்று கேட்டது எப்போது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாணவர்களே, உங்கள் பெற்றோர் விடை தெரியாது விழிக்கும் கேள்வியொன்றை இன்றிரவே அவர்களிடங் கேட்டுப் பாருங்கள். சைக்கிள் சில்லை ஒருவர் சுழற்ற மற்றவர் கேட்பதுபோல, முறைவைத்துச் சுழற்றினால் ஒழிய அக்குரல் எழாது.